திறந்தவெளியில் நிற்கும் விமானம் எங்கிருந்து அழியத் தொடங்குகிறது?

[காட்சி: முல்லைத்தீவுக் கடற்கரை, விடிகாலை. கரையேறிய படகு ஒன்றின் இயந்திரம் கழுவப்படுகிறது.]

வணக்கம். படகு கரைக்கு வந்து மீனை இறக்கிய கையோடு, கடற்றொழிலாளர்கள் வெளியிணைப்பு இயந்திரத்துக்குள் நன்னீரைப் பாய்ச்சி உப்பைக் கழுவுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இயந்திரத்தின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. கழுவாமல் விட்டால் என்னவாகும் என்பதை அவர்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. பழைய விமானங்களின் உடலும் பெரும்பாலும் அலுமினியக் கலவைதான். ஆயினும், உலகின் பல நாடுகளில் திறந்தவெளி அருங்காட்சியகங்களில் நிற்கும் விமானங்களுக்கு, ஒரு படகு இயந்திரத்துக்கு நாள்தோறும் கிடைக்கும் கவனம் ஆண்டுக்கு ஒருமுறைகூடக் கிடைப்பதில்லை.

கறள் என்றதும் நமக்குச் சிவப்பு நிறமே நினைவுக்கு வரும். 2009 இன் பின்னர் முள்ளிவாய்க்கால் வெளியில் குவிந்து கிடந்த சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் மழைக்கு மழை சிவந்து உதிர்ந்ததைக் கண்டவர்கள் நாம். அலுமினியத்தின் கறள் வெண்ணிறமானது. தகடுகளை இணைக்கும் தறையாணிகளைச் சுற்றித் திருநீறு சிந்தியது போலப் படிந்திருக்கும். வெள்ளை வர்ணம் பூசிய விமானத்தில் அதைத் தூரத்திலிருந்து காணவே முடியாது.

[காட்சி: அலுமினியப் பானை, பின்னர் விமானத் தகட்டின் வெட்டுமுகப் படம்.]

வீட்டு அலுமினியப் பானை இத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்போது விமானம் ஏன் அரிக்கப்படுகிறது என்று நீங்கள் கேட்கலாம். தூய அலுமினியம் காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைத் தன்மீது போர்த்திக்கொள்கிறது. ஆனால் விமானம் செய்வதற்கு அது மிகவும் மென்மையானது. 1906 ஆம் ஆண்டளவில் அல்பிரட் வில்ம் என்ற ஜேர்மனிய உலோகவியலாளர், சிறிதளவு செப்பும் மகனீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால், அது அடுத்த சில நாட்களில் தானாகவே உறுதியடைவதைக் கண்டறிந்தார். தூரலுமின் என்ற பெயரில் அதுவே விமானத்தின் உலோகமாயிற்று. பலத்தைத் தரும் அதே செப்புத்தான் அரிப்புக்கும் வழி திறக்கிறது: செப்பு மிகுந்த துணிக்கையும் அதைச் சூழ்ந்த அலுமினியமும் ஈரத்தில் ஒரு சிறிய மின்கலமாகி, அலுமினியம் கரைகிறது. இதனைத் தடுக்கவே தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்துகிறார்கள். ஆனால் தகட்டின் விளிம்பிலும் துளையிட்ட இடங்களிலும் அந்தத் தோல் இல்லை. ஒரு விமானத்திலோ தறையாணிகளுக்கென இலட்சக்கணக்கில் துளைகள் இருக்கக்கூடும்.

படகு இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும் நாக (துத்தநாக) உலோகத் துண்டு, தான் கரைந்து மற்றைய உலோகத்தைக் காக்கிறது. விமானத்தில் உருக்கு ஆணியும் அலுமினியத் தகடும் ஈரத்தில் சேரும் இடத்தில், கரைந்துபோகும் வேலை அலுமினியத்தின் தலையில் விழுகிறது. உருட்டித் தட்டையாக்கிய கனமான பாகங்களில் அரிப்பு, உலோகத்தை ஆக்கியுள்ள நுண்ணிய மணிகளின் இடைவெளி வழியே ஊடுருவும். அங்கே உருவாகும் வெண்பொடி கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தைப் பிடிப்பதனால், மழையில் நனைந்த கொப்பியின் தாள்களைப் போலப் பாகம் உப்பிப் பிரிகிறது. அந்தக் கட்டத்துக்கு வந்த பாகத்தைத் திருத்த முடியாது. வெட்டி மாற்றத்தான் வேண்டும்.

[காட்சி: விமானத்தின் வயிற்றுப்பகுதி, சிறிய வடிகால் துளைகள்.]

இப்போது இந்தக் காணொளியின் மையத்துக்கு வருகிறோம். உடலுக்குள் நீர் சேரும் என்பதை விமானத்தை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தபடியால், வயிற்றின் தாழ்ந்த இடங்களில் வடிகால் துளைகளை வைத்தார்கள். சேவையில் உள்ள விமானத்தில் பராமரிப்பாளர்கள் அவற்றைத் துப்புரவு செய்வார்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்திலோ இலைச் சருகு, குருவிக்கூட்டு வைக்கோல், குளவி கொண்டுவந்த மண் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து துளைகள் அடைபடுகின்றன. (குளவியை அற்பமாக எண்ண வேண்டாம். 1996 பெப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசுக் கரையோரம் 189 பேருடன் கடலில் வீழ்ந்த பேர்கன்எயார் விமானத்தின் வேகமானிக் குழாயை, அது பறக்காமல் நின்ற நாட்களில் மண்குளவி அடைத்திருக்கலாம் என்பதே விசாரணையாளர்களின் கருத்தாக இருந்தது.) சுவருக்கும் உட்பலகைக்கும் இடையிலுள்ள வெப்பக் காப்பு மெத்தை நீரை உறிஞ்சி, மழை விட்டு நெடுநாளான பின்பும் உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கும்.

நம்முடைய பிரதேசம் உலர் வலயம் என்பதால் இங்கு ஒரு விமானம் பிழைத்துவிடும் என்று நினைப்பதற்கில்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலுள்ள டேவிஸ் மொன்தன் வான்படைத் தளத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் வெட்டவெளியில் வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், அங்கு மழை மட்டுமன்றிக் காற்றின் ஈரப்பதனும் குறைவாக இருப்பதே; அங்கேகூடக் கண்ணாடிகளையும் இடைவெளிகளையும் வெண்பூச்சால் மூடிவிடுகிறார்கள். வன்னியின் காலநிலை வேறு. சோளகம் வீசும் நீண்ட வெயில் மாதங்களில் கதவு, யன்னல் இறப்பர்கள் காய்ந்து வெடிக்கின்றன. ஒக்டோபரில் தொடங்கும் மாரி மழை அந்த வெடிப்புகளின் வழியே உள்ளே இறங்குகிறது. கடலோரமானால் வாடைக்காற்று உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். சூறாவளியில் இறக்கை உண்மையாகவே தூக்குவிசையை உண்டாக்கும் என்பதால், விமானத்தை நிலத்தோடு கட்டிவைக்கவும் வேண்டும்.

[காட்சி: புதிதாக வர்ணம் பூசப்பட்ட விமானம்.]

அருங்காட்சியக நிர்வாகங்கள்மீது எனக்குள்ள மனக்குறை வர்ணம் பற்றியது. விழா வருகிறது என்றதும் பழைய பூச்சின்மேல் புதிய பூச்சை அடித்துவிடுகிறார்கள். அரிப்பைச் சுரண்டாமல், உலோகத்தைப் பதப்படுத்தாமல், அடிப்பூச்சும் இடாமல் மேலே பூசும் வர்ணம் ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிடுகிறது. பார்வையாளருக்கு அழகு, தகட்டுக்குச் சிறை.

பணப் பிரச்சினையையும் மறைக்க முடியாது. விமானம் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். அதன் பிறகு யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். இங்கிலாந்தின் கொஸ்போர்ட் அருங்காட்சியகத்தில் வெளியே நின்ற பயணிகள் விமானங்களுக்கான நிதியை பிரிட்டிஷ் எயார்வேஸ் நிறுத்தியதும், 2006 இல் போயிங் 707, விசி10, டிரைடென்ட் ஆகியவை அங்கேயே வெட்டப்பட்டன. மறுபக்கம், 1969 இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 747, சியாட்டில் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் மழையில் நின்று, திருத்தப்பட்டு, 2016 இல் ஒரு பெரிய கூரையின் கீழ் வந்தது. சுவர் இல்லாத வெறும் கூரைதான். மழையும் வெயிலும் படாவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நெல்லுக்குக் கொட்டில் போடும் நமக்கு இது புதிதன்று.

இரண்டாம் உலகப் போரில் 25 தாக்குதல் பறப்புகளை முடித்துத் திரும்பிய மெம்பிஸ் பெல் என்ற குண்டுவீச்சு விமானத்தைப் புகழ்கூடக் காப்பாற்றவில்லை. மெம்பிஸ் நகரில் பல பத்தாண்டுகள் வெளியே நின்ற அதன் உட்பாகங்களை நினைவுப்பொருளாகப் பிடுங்கிச் சென்றவர்கள் பலர். 2005 இல் அமெரிக்க வான்படை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மீண்டும் காட்சிக்கு வர அதற்கு 2018 மே வரை சென்றது.

[காட்சி: விமானத்தின் அடியில் குனிந்து பார்க்கும் ஒருவர்.]

இலங்கையில் பழைய விமானங்களைப் பார்க்க விரும்புவோர் இரத்மலானையிலுள்ள வான்படை அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். எங்கு சென்றாலும் படம் எடுத்து முடிந்ததும் ஒருமுறை குனிந்து வயிற்றுப்பகுதியைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள், துளையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தால் அந்த விமானத்தை யாரோ கவனிக்கிறார்கள். துளை காய்ந்திருந்து, தகட்டைத் தட்டும்போது உள்ளே நீர் தளும்பும் ஓசை கேட்டால், அங்குள்ள பொறுப்பாளரிடம் அன்றே சொல்லிவிட்டு வாருங்கள்.