அப்பா அம்மாவுக்கு இல்லாத நோய் பிள்ளைக்கு எப்படி வருகிறது?

[0:00 | திரை: மருத்துவமனைப் படிவம். "குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா?" என்ற வரி பெரிதாகிறது. பேனா "இல்லை" என்று எழுதுகிறது.]

எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். வேறு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த பெற்றோர் யோசிக்காமல் "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். அது பொய்யில்லை. தாத்தாவுக்கு இல்லை, சித்தப்பாவுக்கு இல்லை, தெரிந்த வரையில் யாருக்குமே இல்லை. ஆனால் புதிய நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பதிலை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. படிவத்தில் பெரும்பாலும் இல்லாத இரண்டு கேள்விகள் இங்கே முக்கியம். பிள்ளை எங்கே பிறந்தது? வெளியே பிறந்தது என்றால், எந்த வயதில் இங்கே வந்தது?

[0:40 | திரை: கணையம், குடல், நரம்பு, மூச்சுக்குழாய், தோல். ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

முதலில் எந்த நோய்களைப் பற்றிப் பேசுகிறோம்? நோயெதிர்ப்பு மண்டலம் தடம் மாறுவதால் வருபவை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்தால் முதல் வகை சர்க்கரை நோய். நரம்பு உறையை அரித்தால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்எஸ். குடல் சுவரைத் தாக்கினால் குரோன்ஸ் அல்லது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். கோதுமையில் உள்ள குளூட்டனைக் கண்டு சிறுகுடலைச் சிதைத்தால் சீலியாக். இவற்றோடு ஆஸ்துமா, எக்சிமா என்ற தோல் அழற்சி, உணவு ஒவ்வாமை ஆகியவையும் சேரும். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் கூடவே இருப்பவை.

இவற்றில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் விமானம் ஏறியதும் மரபணு மாறிவிடாது. ஆகவே ஒரே இனத்து மக்கள் ஊர் மாறியதும் நோய் விகிதமும் மாறினால், காரணத்தைச் சூழலில்தான் தேட வேண்டும். குடிபெயர்ந்தோரை ஆய்வாளர்கள் இவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பது இதற்காகத்தான்.

[1:45 | திரை: இங்கிலாந்து வரைபடம். பிராட்ஃபோர்ட் மீது புள்ளி.]

பிராட்ஃபோர்டில் வாழ்ந்த தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். 1978 முதல் 1981 வரை, முதல் வகை சர்க்கரை நோய் ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் 3.1 பேருக்கு வந்தது. 1988 முதல் 1990 வரையில் அது 11.7 ஆகிவிட்டது. பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்தப் பகுதியின் மற்றப் பிள்ளைகளின் அளவை நோக்கி அது நகர்ந்தது.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். "நான்கு மடங்கு" என்றால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 11.7 என்றால் ஓர் ஆண்டில் சுமார் 8,500 பிள்ளைகளில் ஒருவர். இப்படிப்பட்ட செய்தியில் மடங்கை மட்டும் சொல்லி, எத்தனை பேரில் ஒருவர் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அதைப் பாதிச் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

[2:40 | திரை: டென்மார்க், கனடா கொடிகள். கீழே "வந்த வயது" என்ற அளவுகோல்.]

குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய குடல் அழற்சி நோய்களில் படம் இன்னும் தெளிவு. 2021-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களுக்கு அந்நாட்டவரைவிட ஆபத்து குறைவாக இருந்தது. 20 ஆண்டுக்கு மேல் தங்கியவர்களிடம் அது கூடியது. டென்மார்க்கிலேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கோ, அந்நாட்டவருக்கு இருக்கும் அதே அளவு. கனடாவின் ஒன்டாரியோவில் 2015-இல் வந்த ஆய்வு வயதைக் கணக்கிட்டது. எவ்வளவு இளம் வயதில் வந்தார்களோ, அவ்வளவு கூடுதல் ஆபத்து. ஒவ்வொரு பத்து வயது குறைவுக்கும் 14 சதவீதம்.

எம்எஸ் நோயில் கடிகாரம் எதிர்ப்பக்கமும் ஓடுகிறது. வட ஐரோப்பாவில் இந்த நோய் அதிகம், தென்னாப்பிரிக்காவில் குறைவு. அங்கே குடியேறிய ஐரோப்பியர்களை டீன், கர்ட்ஸ்கே ஆகியோர் 1971-இல் ஆராய்ந்தார்கள். பெரியவர்களாக வந்தவர்கள் பிறந்த நாட்டின் அதிக ஆபத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 15 வயதுக்கு முன் வந்தவர்களுக்கு ஆபத்து குறைந்திருந்தது. ஆக, நாடு மாறினால் நோய் கூடும் என்று பொதுவாகச் சொல்வது தவறு. எந்த நாட்டில் சிறுவயதைக் கழித்தாரோ, அந்த நாட்டின் ஆபத்துதான் ஒட்டிக்கொள்கிறது.

[3:50 | திரை: பூதக்கண்ணாடி. கீழே குடல் நுண்ணுயிர்கள்.]

ஏன் சிறுவயது? நோயெதிர்ப்பு மண்டலம் எதை எதிர்க்க வேண்டும், எதைக் கண்டும் காணாமல் விட வேண்டும் என்று பழகுவது பெரும்பாலும் அப்போதுதான். அதற்குக் குடல் நுண்ணுயிர்கள் வேண்டும், கிருமிகளோடு சந்திப்பும் வேண்டும்.

தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போன மொங், கரேன் இன மக்களின் மலத்தை ஆராய்ந்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. நார்ச்சத்தைச் சிதைக்கும் பிரிவொடெல்லா வகை நுண்ணுயிர்கள் குறைந்து, அவற்றின் இடத்தைப் பாக்டீராய்ட்ஸ் பிடித்தது. வந்து சில மாதங்களிலேயே மாற்றம் தொடங்கிவிட்டது. அங்கே பிறந்த அடுத்த தலைமுறையிடம் இழப்பு இன்னும் அதிகம். இது நோய்க்கு நேரடிக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் உடலுக்குள் ஏதோ வேகமாக மாறுகிறது என்பதில் சந்தேகமில்லை.

கிருமியைச் சந்திக்கும் வயதும் முக்கியம். எப்ஸ்டீன்-பார் வைரஸ் பல நாடுகளில் மூன்று நான்கு வயதுக்குள் சத்தமில்லாமல் தொற்றிவிடும். வசதியான நாடுகளில் பலருக்கு அது பதின்பருவத்தில்தான் வருகிறது, வரும்போது பல நேரம் ஆளைப் படுக்க வைத்துவிடுகிறது. அமெரிக்கப் படையினரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வைரஸ் தொற்றியபின் எம்எஸ் ஆபத்து 32 மடங்கு கூடியது. வைட்டமின் டி மற்றொரு சந்தேகத்துக்குரிய ஆள். கருத்த தோல் உள்ளவர்கள் வெயில் குறைந்த நாட்டுக்குப் போனால் உடலில் அது போதிய அளவு உருவாவதில்லை. பிரிட்டனில் கருத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதை யோசிக்கச் சொல்கிறார்கள். எலும்புக்கு அது எப்படியும் தேவை. எம்எஸ்ஸைத் தடுக்குமா என்பது தனி விவாதம்.

[5:25 | திரை: இரண்டு குழந்தைகள். ஒன்று லண்டனில், ஒன்று டெல் அவீவில். இருவர் முன்னும் கிண்ணம்.]

ஒரே ஒரு இடத்தில் மட்டும், "ஊர் மாறினால் ஏன் மாறுகிறது?" என்ற கேள்விக்குக் கையில் பிடிக்கக்கூடிய பதில் கிடைத்தது. அது வேர்க்கடலை ஒவ்வாமை.

பிரிட்டனில் வாழும் யூதப் பள்ளிப்பிள்ளைகளில் 1.85 சதவீதம் பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. இஸ்ரேலில் 0.17 சதவீதம். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம், வம்சாவளியோ நெருங்கியது. 2008-இல் இதை வெளியிட்ட குழு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தது. 9 மாதத்தில் இஸ்ரேலியக் குழந்தைகளில் 69 சதவீதம் வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தன, பிரிட்டனில் 10 சதவீதம். அந்த நாளில் பிரிட்டனில், ஒவ்வாமைக் குடும்பங்கள் குழந்தைக்கு வேர்க்கடலை கொடுக்கவே கூடாது என்பதுதான் அறிவுரை. காப்பாற்ற என்று சொன்ன அறிவுரையே கேட்டைக் கூட்டியிருக்குமோ?

ஊகத்தோடு நிற்காமல் சோதித்தார்கள். கடும் எக்சிமா அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த, 4 முதல் 11 மாத வயதுள்ள 640 குழந்தைகள். பாதிப் பேருக்கு வேர்க்கடலை, பாதிப் பேருக்குத் தவிர்ப்பு. 2015-இல் முடிவு வந்தது. 5 வயதில், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்.

குடிபெயர்ந்தோருக்கு இது ஏன் முக்கியம்? மெல்போர்னில், ஆசியாவில் பிறந்த பெற்றோருக்கு அங்கே பிறந்த குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை மற்றவர்களைவிட அதிகம். ஆசியாவில் பிறந்து பிறகு ஆஸ்திரேலியா வந்த பிள்ளைகளிடம் குறைவு.

[6:50 | திரை: சிறு கரண்டி, குழைத்த வேர்க்கடலை விழுது. அருகில் முழுக்கடலை மீது சிவப்புப் பெருக்கல் குறி.]

கொடுக்கும் முறை இது. குழந்தை திட உணவு சாப்பிடத் தொடங்கி, தலை நின்று, உட்காரப் பழகிய பிறகு. மழமழவென்று அரைத்த விழுதை வெந்நீரிலோ தாய்ப்பாலிலோ தளரக் குழைத்து, கரண்டி நுனியில் முதல் வாய். பத்து நிமிடம் பார்த்துவிட்டு மீதி. அந்த ஆய்வில் கொடுத்தது வாரத்துக்கு 6 கிராம் வேர்க்கடலைப் புரதம், மூன்று வேளைக்குக் குறையாமல் பிரித்து. அடிக்கடி தவறுவது இங்கேதான். ஒருமுறை கொடுத்து, "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் கொடுப்பதுதான் பாதுகாப்பு. முழுக்கடலை வேண்டாம், 5 வயது வரை புரையேறும். கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ ஏற்கெனவே இருந்தால் வீட்டில் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் பரிசோதனை.

[7:45 | திரை: "தவறிப்போகும் இடங்கள்"]

இனி, நோய் வந்த பிறகு கண்டுபிடிப்பதில் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். குடிபெயர்ந்த குடும்பங்களில் தாமதம் பெரும்பாலும் முன்முடிவால் வருகிறது. வீட்டாருக்கும் முன்முடிவு, மருத்துவருக்கும் முன்முடிவு.

சீலியாக்கில் முதல் அடையாளம் பல நேரம் இரும்புச்சத்துக் குறைவு. "சைவ உணவு, அதனால்தான்" என்று மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாத்திரை தின்றும் ரத்தத்தில் இரும்புச்சத்து ஏறவில்லை என்றால், சீலியாக் பரிசோதனை கேளுங்கள். டிடிஜி-ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் பரிசோதனை "இல்லை" என்று காட்டும். இன்னொன்று, பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல், குளூட்டன் உள்ள உணவு உடலில் போயிருக்க வேண்டும். நிறுத்திவிட்டுப் போனால் ரத்தப் பரிசோதனையும், குடல் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் நம்மை ஏமாற்றிவிடும்.

குரோன்ஸ் நோயில் பிள்ளை உயரம் நின்றுபோகும். "எங்கள் குடும்பமே குள்ளம்" என்று விட்டுவிடுகிறார்கள். உயரம் குறைவு என்பது சிக்கலில்லை. வளர்ச்சி வரைபடத்தில் தான் போய்க்கொண்டிருந்த கோட்டிலிருந்து பிள்ளை கீழே இறங்குவதுதான் சிக்கல். நான்கு வாரத்துக்கு மேல் பேதி, ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவை இருந்தால் மலத்தில், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குடல் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. குழந்தைகளுக்கு இயல்பாகவே கூடுதல். இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரையும், சாதாரணக் கிருமித் தொற்றும் இந்த எண்ணை ஏற்றிவிடும்.

சர்க்கரையில் அவசரம் அதிகம். தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு, இளைப்பு. படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால் அன்றே விரல் நுனி ரத்தம் பாருங்கள். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்காக மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். இந்த அறிகுறிகளோடு எந்த நேரத்திலும் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 11.1 மில்லிமோல், தொட்டிருந்தால் நோய் உறுதி. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு வந்துவிட்டால் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து வீட்டில் வைத்திருக்கும் நேரம் அல்ல அது. தெற்காசியக் குடும்பம் என்றாலே இரண்டாம் வகை என்று முடிவுகட்டுவதும் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் எதிர்ப்பொருள் பரிசோதனை பிரித்துச் சொல்லும்.

[10:00 | திரை: ஊசி மருந்துக் குப்பி. பின்னணியில் நுரையீரல் படம்.]

கடைசியாக சிகிச்சை. இங்கே ஆபத்து அதிகம் பெற்றோர் தலைமுறைக்கு.

குரோன்ஸ், மூட்டுவாதம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஊசிகள் டிஎன்எஃப் என்ற பொருளைத் தடுக்கின்றன. காசநோய்க் கிருமி உடலில் தூங்கிக்கொண்டிருந்தால், அதைச் சுற்றிக் கட்டிய சுவரைத் தாங்கி நிற்பது அதே டிஎன்எஃப். சுவர் இடிந்தால் கிருமி விழித்துக்கொள்ளும். ஆகவே ஊசிக்கு முன், தூங்கும் காசநோயைத் தேடும் இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும், இக்ரா காட்டாது. ஆனால் ஸ்டீராய்டு தொடங்கிவிட்டால் இக்ராவும் சரியாக வேலை செய்யாமல் போகலாம், முதலில் ரத்தம் எடுத்துவிடுங்கள். தூங்கும் காசநோய் தெரிந்தால் ரிஃபாம்பிசின் 4 மாதம், அல்லது ஐசோனியாசிட் 6 அல்லது 9 மாதம். வழக்கமாக அதில் ஒரு மாதம் முடிந்த பிறகு ஊசி.

இன்னும் மோசமான குழப்பம் ஒன்று. குடல் காசநோயும் குரோன்ஸும் சிறுகுடல் முடியும் அதே இடத்தில், அதே புண்களோடு வரும். காசநோயைக் குரோன்ஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். காசநோய் அதிகமுள்ள நாட்டில் வளர்ந்தவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பயாப்சியில் காசநோயும் தேடச் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழுவை யாரும் நினைப்பதில்லை. வெறுங்காலில் நடந்த மண்ணிலிருந்து உள்ளே புகுந்து, உடலுக்குள்ளேயே மறுபடி மறுபடி பெருகி, பல பத்தாண்டுகள் தங்கிவிடும். ஸ்டீராய்டு கொடுத்ததும் கட்டுமீறிப் பரவி உயிரையே எடுக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், ஐவர்மெக்டின் கொடுத்துத் தீர்க்கலாம். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் அதே ரத்தத்தில் முடிந்துவிடும்.

[11:40 | திரை: கைக்குழந்தையின் தடுப்பூசி அட்டை.]

கர்ப்ப காலத்தில் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஓர் எச்சரிக்கை. கடைசி மூன்று மாதத்தில் மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பிறந்தபின் பல மாதம் இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பிசிஜி போட்டதில் தடுப்பூசிக் கிருமி உடலெங்கும் பரவி இறந்தது 2010-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பிசிஜியை 6 முதல் 12 மாதம் வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். தடுப்பூசி போடும் செவிலியருக்குத் தாயின் மருந்து தெரிந்திருக்காது. ஆகவே மருந்தின் பெயரையும் கடைசி ஊசி போட்ட தேதியையும் குழந்தையின் அட்டையில், முதல் பக்கத்திலேயே, சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.