ஹேகெ கொத்து?

(பெங்களூர் அல்சூரில், பி.யூ.சி., அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவள். அப்பா மில்லில் வேலை பார்த்தார். யஷ்வந்தபுரம் பக்கம் ஒரு சித்தப்பா இருந்தார். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வழியில் கண்டக்டர் “டாட்டா இன்ஸ்டிட்யூட்” என்று கூவுவார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீளமான மதில், அதற்கு மேலே மரங்கள். அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. “உள்ளே பெரிய படிப்பு படிக்கிறாங்க” என்பார் அப்பா. என்ன படிப்பு என்று அவருக்கும் தெரியாது, எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

இந்திய அறிவியல் கழகம் என்பதுதான் அதன் பெயர். அந்தப் பெயரில் டாட்டா இல்லை. ஆனாலும் இந்த ஊர்க்காரர்கள் வாயில் அது இன்னும் டாட்டா இன்ஸ்டிட்யூட்தான். காரணம் இருக்கிறது. ஜாம்ஷெட்ஜி டாட்டா தன் சொந்தச் சொத்தை எழுதிவைத்து, இப்படி ஒரு பள்ளி இந்த நாட்டுக்கு வேண்டும் என்று 1890களிலிருந்து அலைந்தவர். 1898 நவம்பரில் விவேகானந்தருக்குக் கடிதம் எழுதி ஆதரவு கேட்டார். 1904இல் காலமாகிவிட்டார். பள்ளிக்கு அரசாணை வந்தது 1909இல், முதல் மாணவர்கள் வந்தது 1911இல். மைசூர் அரச குடும்பம் 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. தான் பார்க்கப் போவதில்லை என்று தெரியாமலேயே ஒருவர் போட்ட விதை. அந்த மரங்களுக்குக் கீழே ஆறு வருஷம் நடந்தவள் நான்.

இந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டபோது, “அங்கே படித்தவர்களுடைய வாழ்க்கை எப்படி அமைகிறது என்று சொல்லுங்கள்” என்றார்கள். நேற்று ஒரு அம்மா போனில் நேராகவே கேட்டார்: “வேலை கிடைக்குமா மேடம்?” சரியான கேள்வி அது. ஒரு சம்பளத்தில் நாலு பேர் சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவள், அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் சின்னதாக நினைக்க மாட்டேன். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1994இல் பிஎச்.டி.க்குச் சேர்ந்தேன். மெல்லிய உலோகப் படலத்தைக் குளிரவைத்து, அதன் மின்தடை எப்படி மாறுகிறது என்று அளப்பது என் வேலை. ஒரு செப்புக் கட்டை, அதன் மேல் படலம், பக்கத்தில் வெப்பநிலை காட்ட ஒரு பிளாட்டினம் சென்சார். எல்லாவற்றையும் திரவ நைட்ரஜன் வைத்துக் குளிரவைப்போம். இரண்டாவது வருஷம், ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு வரைபடத்தில் திடீரென்று ஒரு தாவல். இதுவரை யாரும் சொல்லாத ஒன்று! தூக்கமே வரவில்லை. காலையில் ஓடிப்போய் என் வழிகாட்டியிடம் காட்டினேன். கன்னடக்காரர், அதிகம் பேச மாட்டார். தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஹேகெ கொத்து?” எப்படித் தெரியும்?

வரைபடத்தில் இருக்கிறதே சார் என்றேன். “அந்த சென்சார் சரியாகக் காட்டுகிறது என்று எப்படித் தெரியும்?”

சென்சாரைக் கழற்றினேன். ஐஸை நொறுக்கிப் பிளாஸ்கில் போட்டு, வடிகட்டிய தண்ணீர் ஊற்றி, அதற்குள் முக்கினேன். பூஜ்யம் டிகிரியில் அந்த வகை சென்சார் 100 ஓம் காட்ட வேண்டும். காட்டியது. சென்சாரில் குறை இல்லை என்று போய்ச் சொன்னேன். “அப்போ வேறே பாரு” என்றார்.

சென்சாரைப் பழையபடியே ஒட்டி, ஆறு வாரம் பார்த்தேன். ஒயரை மாற்றினேன், மீட்டரை மாற்றினேன், படலத்தைப் புதிதாகச் செய்தேன். கடைசியில் ஒருநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, சென்சாரைச் செப்புக் கட்டையில் ஒட்டுகிற வார்னிஷ் விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. முடி அளவு விரிசல். ஒட்டியது நான்தான். காயவிட்ட நேரம் போதவில்லை. குளிரக் குளிர விரிசல் திறந்து, சென்சார் கட்டையைத் தொடாமல் நின்றிருக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. அது தன் சூட்டைச் சொன்னது. நான் அதைப் படலத்தின் சூடு என்று எடுத்துக்கொண்டேன். மறுபடி நன்றாக ஒட்டி, நன்றாகக் காயவிட்டு அளந்தேன். தாவல் இல்லை.

நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தப்பானதை ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் தேதி, நேரம், ஏன் தப்பு என்ற காரணம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. என்னைச் செய்தது அந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

இன்று பீன்யாவில் ஒரு காலிபரேஷன் லேபில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிகளில் கத்தி, கத்தரிக்கோலைக் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் 121 டிகிரி என்று காட்டினால், உள்ளே உண்மையிலேயே 121 இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். உள்ளே குறைவாக இருந்தால் கிருமி சாகாது; மேஜையில் படுத்திருக்கிற நோயாளிக்கு அது தெரியாது. நான் பேராசிரியர் ஆகவில்லை. பெரிய கண்டுபிடிப்பும் செய்யவில்லை. ஆனால் “எப்படித் தெரியும்?” என்று கேட்டு, அதற்குப் பதில் தேடுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அந்தக் கழகத்தில் படித்த எத்தனையோ பேரைச் சொல்லலாம். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940இல் உதவித்தொகையோடு பெங்களூருக்கு வந்தார். சர் சி.வி. ராமனிடம் சேர்ந்து வைரத்திலும் மாணிக்கத்திலும் ஒளியை ஆராய்ந்தார். ஒரு போட்டோ பிளேட்டில் ஒளி பதிய பதினைந்து, இருபது மணி நேரம்கூட ஆகும். ஆய்வகத்திலேயே தூங்கி எழுந்திருக்கிறார். 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் தரவில்லை. அந்த ஆய்வேடு இன்றும் இதே ஊரில், ராமன் ஆராய்ச்சிக் கழக நூலகத்தில் இருக்கிறது.

அப்புறம் அவர் என்ன செய்தார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இங்கிலாந்துக்குப் போனார். அங்கே வானிலைக் கருவிகளைப் படிக்கத்தான் வாய்ப்பு இருந்தது, அதைப் படித்தார். 1948இல் திரும்பிவந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி என்று சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு, இந்த நாட்டிலேயே ஒரே தரத்தில் செய்ய வழிசெய்தார். நாடு முழுக்க வெயிலையும் காற்றையும் அளக்க வைத்தார். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்ற பிடிவாதம் அவருக்கு. ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். பட்டம் கிடைக்கவில்லை, ஆனால் அந்த ஆய்வகத்துக் கை அவரோடு போயிற்று.

அந்தப் பள்ளி எல்லோருக்கும் நல்லதாகவே இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 1933இல் கமலா பாகவத் என்ற பெண், பின்னாளில் கமலா சோஹோனி, பம்பாயிலிருந்து விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் ராமன் சேர்க்க மறுத்தார். நம் திருச்சியில் பிறந்த, நோபல் பரிசு வாங்கிய அதே ராமன். கமலா விடவில்லை, வாதாடினார். ஒரு வருஷம் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு சேர்த்தார்கள். பருப்பு வகைகளில், பாலில் உள்ள புரதத்தை ஆராய்ந்து தன்னை நிரூபித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் 1939இல் முனைவர் பட்டம். அறிவியலில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் அவர். திரும்பிவந்து ஏழைகளின் சத்துணவுக்காக நீரா, அதாவது நம் பதநீர் போன்ற பானம், அதில் என்ன சத்து இருக்கிறது என்று வேலை செய்தார். அவர் தட்டித் திறந்த கதவு வழியாகத்தான் நான் போனேன். எனக்கு இது வெறும் வரலாறு இல்லை.

இன்னொருவர் அமுல்யா ரெட்டி. மின்வேதியியல் பேராசிரியர். 1974இல் கழகத்துக்குள்ளேயே ‘அஸ்த்ரா’ என்று ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். கிராமத்துக்கு உதவாத அறிவியல் எதற்கு என்பது அவர்கள் கேட்ட கேள்வி. அவர்கள் கையில் எடுத்தவற்றில் ஒன்று விறகடுப்பு. எரிகிற விறகில் எவ்வளவு சூடு பாத்திரத்துக்குப் போகிறது, எவ்வளவு வீணாகிறது, புகை எங்கே போகிறது என்று அளந்தார்கள். மூன்று பாத்திரம் வைக்கிற, புகைபோக்கி உள்ள ‘அஸ்த்ரா ஒலே’ அடுப்பு கர்நாடகக் கிராமங்களுக்குப் போயிற்று. என் பாட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊதுகுழலால் ஊதிச் சமைத்தவள். ஒரு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுவது தனக்குக் குறைவு என்று அந்தப் பேராசிரியர் நினைக்கவில்லை. அவர்மேல் எனக்குள்ள மரியாதை வேறு மாதிரி.

ராக்கெட் கதை உங்களுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1972இல் இஸ்ரோ பொறுப்பு வந்தபோது சதீஷ் தவன் இந்தக் கழகத்தின் இயக்குநர். அந்தப் பதவியை விடமாட்டேன், தலைமையகம் பெங்களூரில் இருக்கட்டும் என்றார். ஒப்புக்கொண்டார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று அந்த அலுவலகத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள்!

சரி, வேலைக்கு வருகிறேன்.

என்னோடு ஹாஸ்டலில் ஒரே வராந்தாவில் இருந்தவர்களைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒருத்தி பேராசிரியை. ஒருத்தி வங்கியில், கடன் திரும்பி வருமா என்று கணக்குப் போடுகிறாள். ஒருத்தி புதுச்சேரிப் பக்கம் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். எங்களில் மிகச் சிறந்த மூளை அவளுடையதுதான், அவள் போன இடமும் சரியான இடம்தான் என்பேன். இன்னொருத்தி மூன்றாவது வருஷத்தில் விட்டுவிட்டுப் போனாள். வீட்டில் அழுதார்கள், சொந்தக்காரர்கள் தோற்றுவிட்டாள் என்றார்கள். எனக்கு அப்போது அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்வேன்: ஒரு கேள்வி தனக்கானது இல்லை என்று கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆவது தோல்வி இல்லை. இன்று மருந்து கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறாள், நோட்டில் ஒற்றைக் கோடு போட்டுத்தான் அடிக்கிறாள்.

ஆக வேலை கிடைக்கும். எந்த வேலை என்று பதினேழு வயதில் சொல்ல முடியாது. காலம் ஆகும், அதை மறைக்கக் கூடாது. பிஎச்.டி. என்றால் ஐந்து, ஆறு வருஷம். உதவித்தொகை வரும், அதில் ஒரு ஆள் வாழலாம். வீட்டுக்கு நிறைய அனுப்ப முடியாது. கூடப் படித்தவர்கள் கார் வாங்கியிருப்பார்கள். பெண்ணாக இருந்தால் ஒவ்வொரு தீபாவளிக்கும் “எப்போ முடியும்? எப்போ கல்யாணம்?” என்று கேட்பார்கள். எங்கள் அப்பா கேட்கவில்லை. அவர் ஒரே ஒருமுறை கேட்டது, “இன்னைக்கு மெஷின் ஓடுச்சா?” என்று. மில்லில் வேலை பார்த்தவர், அவருக்கு அது புரிந்தது. பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான்: பட்டம் எப்போது என்று கேட்காதீர்கள், இன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

வீட்டுக்குள்ளும் அந்தப் பழக்கம் வரும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை கூட்டியும் காலையில் அளவு குறையவில்லை. நான் ஒரு நோட்டு போட்டேன்: தேதி, நேரம், என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு, எப்போது தூங்கினாள். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கும் எழுப்பி விரலில் குத்திப் பார்த்தோம். அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. ராத்திரி இறங்குவதால்தான் காலையில் ஏறுகிறதோ என்று சந்தேகம் வந்து, டாக்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு ராத்திரி மருந்தைக் குறைத்தார். அம்மாவுக்குப் பிஎச்.டி. என்றால் என்னவென்று கடைசிவரை தெரியாது. அந்த நோட்டு என்னவென்று தெரியும்.

இப்போது பி.யூ.சி. முடிக்கிறவர்களுக்கு எனக்கு இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. 2011இலிருந்து கழகத்தில் நாலு வருஷ இளநிலைப் படிப்பு நடக்கிறது. முதல் மூன்று செமஸ்டர் எல்லோரும் எல்லாப் பாடமும் படிக்க வேண்டும், கடைசி வருஷம் ஆராய்ச்சி. இடம் குறைவு, போட்டி கடுமை. கிடைக்காவிட்டால் ஊரில் நல்ல பி.எஸ்சி. கல்லூரிகள் இருக்கின்றன, அங்கிருந்தும் உள்ளே போகலாம். நான் அப்படிப் போனவள்தான்.

வருஷத்துக்கு ஒருநாள் ‘ஓப்பன் டே’ என்று வாசலைத் திறந்துவிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் போகலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ரோஜாப்பூவைத் திரவ நைட்ரஜனில் முக்கி அப்பளம் மாதிரி நொறுக்கிக் காட்டுவார்கள், கூட்டம் கைதட்டும். கைதட்டி முடிந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்தில் நிற்கிற ஆராய்ச்சி மாணவரிடம், “இந்த வருஷம் உங்களுக்கு எது சரியாக வரவில்லை?” என்று கேளுங்கள். அவர் முகம் மாறும், பேச ஆரம்பிப்பார். உங்கள் பிள்ளை அந்தப் பேச்சை நின்று கேட்கிறதா, போகலாம்மா என்று கையைப் பிடித்து இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் தப்பே இல்லை, வேறு நல்ல படிப்புகள் எத்தனையோ இருக்கின்றன. நின்று கேட்டால், ஒரு ஆறு வருஷம் பொறுத்துக்கொள்ள வீட்டில் பேசிவையுங்கள்.

பின்வரிசையில் ஒரு பொண்ணு ரொம்ப நேரமாகக் கை தூக்கியே வைத்திருக்கிறாள். நீ கேளும்மா, மைக் வரும்.