பேருந்து நிலைய விளக்கும் பால்வீதியும்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, பேருந்து நிலையத்துக்கு ஹைமாஸ் விளக்கு தந்த பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத்தாரே, முன்வரிசைக் குழந்தைகளே, வணக்கம். அந்த விளக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விண்மீன் திரள்களின் வடிவம், வளர்ச்சி, முடிவு என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். நாம் குடியிருக்கும் திரளான பால்வீதி ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு அகலம் (ஒளி ஓராண்டில் போகும் தூரமே ஒளியாண்டு); குறைந்தது பத்தாயிரம் கோடி விண்மீன்கள். அதைத் தலைக்கு மேலே விட்டுவிட்டு கைப்பேசியில் படம் தேடுகிறோம். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்!

ஒரு சம்பவம் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் வில்சன் மலையில் 100 அங்குலத் தொலைநோக்கி. அன்று உலகிலேயே பெரியது. அங்கே வேலை பார்த்த வானியலாளர் ஹபிள் போர்ப்பணிக்குப் போய்விட்டார். இன்னொரு வானியலாளர் வால்டர் பாடே போகவில்லை. ஏன்? அவர் ஜெர்மானியர்! எதிரி நாட்டுக்காரரை யார் சேர்ப்பார்கள்? இரவில் வெளியே வரக்கூடாது என்றுகூட முதலில் கட்டுப்பாடு. வானியலாளரிடம் போய் ராத்திரி வெளியே வராதே என்றால், மீனவரிடம் கடலில் கால் வைக்காதே என்பதுபோல. நல்லவேளை, விலக்குக் கொடுத்தார்கள்.

கீழே லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் குண்டுக்குப் பயந்து விளக்கை அணைத்துக் கிடந்தது. பாடேவுக்கு யோகம்! சிவப்பு ஒளியை வாங்கும் புகைப்படத் தகடுகளில், 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் திரளின் நடுப்பகுதியைப் படமெடுத்தார். அதுவரை வெறும் புகையாகத் தெரிந்த இடத்தில் தனித்தனி விண்மீன்கள்! நடுவே வயதான செவ்விண்மீன்கள், நடுவைச் சுற்றி வளைந்து விரியும் சுருள்கரங்களில் இளைய நீல விண்மீன்கள். கரங்களில் விண்மீனாகத் திரளும் வாயு மிச்சமிருக்கிறது, விண்மீன் பிறப்பு நடக்கிறது. நடுவில் அடுப்பு அணைந்துவிட்டது. 1944-ல் வெளியிட்டார். திரள் வளர்ந்த கதையைப் படிக்க அது பெரிய திறவுகோல்.

அம்மா, நம் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. பெண்பிள்ளைகள் கடைசிப் பேருந்துக்கு நிற்கும் இடம். மேலே ஒரு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் போதும். வானத்துக்குப் போகும் வெளிச்சத்துக்கும் கரண்ட் பில் நாம்தானே கட்டுகிறோம்? ஜவ்வாது மலைக் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, அடிவாரத்து ஊர்களெல்லாம் வானத்துக்கு விளக்குப் பிடித்தால், மறுபடியும் அதே வெண்ணெய், அதே நெய்.

திரள்களின் முடிவு பாக்கி. தலைவர் மணியைத் தொட்டுவிட்டார், அது அடுத்த கூட்டத்துக்கு. கார்த்திகை மாதம் நிலவில்லாத ஒரு நாள், எட்டு மணிக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள். உத்திரட்டாதி விண்மீன்களுக்கு வடகிழக்கே மங்கலாக ஒரு திட்டு தெரியும். அதுதான் ஆண்ட்ரோமெடா, வெறும் கண்ணே போதும். அன்று பத்து நிமிடம் மட்டும் அந்த ஹைமாஸை நிறுத்த அம்மா இசைந்தால், பொன்னாடையை அவர்களுக்கே திருப்பிப் போர்த்துகிறேன். வணக்கம்.