நூறில் எத்தனையாவது?

வணக்கம். நான் மேடையேறிச் சிரிக்கவைப்பவன் இல்லை, எதிரே உட்கார்ந்து சிரிப்பவன். அந்த ஒரே தகுதியில்தான் இந்த ரேடியோவில் பேச வந்திருக்கிறேன்.

டிவியில் 'மிகச் சிறந்த 100 ஸ்டாண்ட்-அப் காமெடியன்கள்', அதாவது மேடையில் தனியாளாகப் பேசியே சிரிக்கவைப்பவர்கள், என்று நூறில் ஆரம்பித்து ஒன்றுவரை வருவார்கள் பாருங்கள், அதைத் திட்டிக்கொண்டே கடைசிவரை பார்க்கிற ஜாதி நான். அமெரிக்காவில் காமெடி சென்ட்ரல் என்கிற டிவி சேனல் 2004-இல் போட்ட பட்டியலில் ரிச்சர்ட் பிரையர் முதலிடம், ஜார்ஜ் கார்லின் இரண்டு, லென்னி புரூஸ் மூன்று. புரூஸை ஆபாசமாகப் பேசியதாக 1964-இல் நியூயார்க் நீதிமன்றம் தண்டித்தது, 1966-இல் செத்துப்போனார், 2003 டிசம்பரில் கவர்னர் மன்னித்தார், அடுத்த வருஷமே டிவி ரேங்க் கொடுத்துவிட்டது. வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை.

பிரையர் முதலிடம் என்பதில் எனக்குச் சண்டையே கிடையாது. கோபமெல்லாம் வெட்டி ஒட்டுகிற விதத்தில்தான். ஒருவருக்கு அரை நிமிஷத் துண்டு, நடுவில் யாராவது பிரபலம் வந்து 'அவர் மேதை' என்பார், சரி, அடுத்த ஆள். பிரையர் 1979-இல் வந்த மேடைப் படத்தில் தனக்கு வந்த மாரடைப்பை நடித்துக் காட்டுவார்: முஷ்டியை நெஞ்சில் வைத்து முறுக்க முறுக்க, இதயமே வாய் திறந்து மூச்சு விடாதே என்று அவரை அதட்டும், அவர் கெஞ்சுவார், முட்டி மடங்கும், கடைசியில் தரையில் கிடந்தபடி பேசுவார், நாமோ பயந்துகொண்டே சிரிப்போம். இதை அரை நிமிஷத்துக்கு நறுக்கினால் ஒரு மனிதர் கீழே விழுகிறார், அவ்வளவுதான் மிஞ்சும்.

பிரிட்டனில் ஸ்டூவர்ட் லீ இன்னும் மோசமாக அடிபடுகிற ரகம். ஒரே வாக்கியத்தை நமக்குச் சலித்து, எரிச்சலாகி, அப்புறம் நம்மையும் மீறிச் சிரிப்பு வரும்வரை திருப்பித் திருப்பிச் சொல்பவர். அங்கே சேனல் 4 என்கிற டிவி தன் 2007 பட்டியலில் 41-ஆவது இடம் கொடுத்தது. மனிதர் அந்த எண்ணையே அடுத்த நிகழ்ச்சிக்குத் தலைப்பாக்கிவிட்டார். 2010 பட்டியலில் பார்த்தால் 12! மூன்றே வருஷத்தில் 29 பேரை விடச் சிரிப்பானவராகிவிட்டாரா என்ன?

ஆனால் அந்த இரண்டு தடவையும் முதலிடம் பில்லி கொனொலிக்கு. ஒரு கதையைத் தொடங்கி, நாலு கிளைக்கதைக்குள் நுழைந்து, நாம் மறந்தே போன இடத்தில் பழைய கதையை முடிப்பவர், துண்டு போடவே முடியாத ஆள், அவர் எப்படி ஜெயித்தார்? ஓட்டுப் போட்டவர்கள் அவரை முழுசாகக் கேட்டவர்களாக இருக்கவேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

கார்லினை விட்டுவிட்டால் தப்பு, அதுவும் ரேடியோவில். சொல்லக்கூடாத வார்த்தைகளைப் பற்றிய அவருடைய பேச்சை 1973-இல் நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று பட்டப்பகலில் ஒலிபரப்ப, வழக்கு சுப்ரீம் கோர்ட்வரை போய், 1978-இல் ஐந்து நீதிபதிகளுக்கு நாலு பேர் என்ற கணக்கில் நிலையத்துக்கு எதிராகத் தீர்ப்பானது. அந்த வார்த்தைகள் என்னவென்று கேட்காதீர்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.