கதவில் எழுதிய கணக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என்னை விடாமல் அழைத்து இந்த மேடைக்குக் கொண்டுவந்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, தம் மாணவர்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புவியியல் ஆசிரியை அவர்களே, எனக்கு முன் பேசி என் சுமையைப் பாதியாகக் குறைத்த பொறியாளர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். தண்ணீரைப் பற்றிப் பேச இத்தனை பேர் கூடியிருப்பதே எனக்குப் பெரும் தெம்பு.

நிலக்கரிச் சுரங்கம் நீரைக் கெடுக்கிறது, நிலத்தடி நீரை வற்றவைக்கிறது, ஓடைகளைத் திசைமாற்றுகிறது. இந்த மூன்றையும் சொல்ல வந்திருக்கிறேன்.

'கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது' என்பார்கள். சுரங்கத்துக்கென்றே பிறந்த பழமொழி! நிலக்கரி அடுக்குகளில் பைரைட் என்ற கனிமம் இருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. காற்றுப் படாமல் புதைந்து கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. தோண்டிப் போட்டதும் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகிறது. அது பாறையிலிருக்கும் மாங்கனீசையும் அலுமினியத்தையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு நல்ல நீருக்கு 7-ஐ ஒட்டி இருக்கும்; அமிலம் ஏற ஏற அது குறையும். அது 3-க்கும் கீழே போன நீர்நிலைகள் உண்டு. இரும்போ ஆரஞ்சு நிறச் சேறாகப் படிந்து கற்களை மூடுகிறது. கல்லுக்கடியில் வாழும் பூச்சிகள் மாண்டபின் மீனுக்கு அங்கே ஏது இரை?

அடுத்தது வற்றுவது. குழி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால் இரவும் பகலும் பம்பு ஓட வேண்டும். சுற்றுவட்டார நீரெல்லாம் குழியை நோக்கிச் சரியும். பள்ளத்தைக் கண்ணாலும் பாராத கிணறுகள்கூட வற்றும்.

சுரங்கத்தை ஒட்டிய ஓர் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் அம்மா, கோடைதோறும் தம் கிணற்றுக்கு எத்தனை முழம் கயிறு பிடிக்கிறது என்று அடுக்களைக் கதவின் உட்புறம் அடுப்புக்கரியால் எழுதிவந்தார். 8, 8, 9, 8. குழி வந்தபின் 14. மறு கோடையில் 22. அதற்குக் கீழே வெறும் மரம்தான், இறைக்க நீரில்லை. விசாரணைக் கூட்டத்தில் அதிகாரி ஒருவர், "மழை பொய்த்ததால் வற்றியது" என்றார். அந்த அம்மா எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தோம். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். பின்னால் நான்கு இளைஞர்கள் கதவைக் கழற்றித் தோளில் சுமந்து வந்தார்கள்! மேசைமேல் கிடத்தினார்கள். "ஐயா, இந்த 9 இருக்கிறதே, அதுதான் மழையே பெய்யாத வருடம். அப்போதே ஒரு முழம்தான் இறங்கியது. இந்த 22 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். கூடம் அதிர்ந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது முறையான ஆவணம் அல்லவே" என்றார்.

எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. முறையான ஆவணத்தை எழுதியிருக்க வேண்டியவர்கள் யார்? குழி தோண்டியவர்களா, அடுக்களையில் நின்ற அந்த அம்மாவா?

பூதம் புறப்பட்டால் திரும்பிப் போவதும் இல்லை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. பம்புகள் மட்டும் நிற்கவில்லை. நிலம் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டதால், நிறுத்தினால் குடியிருப்புகள் நீரில் மூழ்கும். அந்த வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நித்தியப் பணி'.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. முதல் மண்வெட்டி விழுமுன் சுற்றிலுமுள்ள ஒவ்வொரு கிணற்றையும் மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை அளக்க வேண்டும். நீர்மட்டம், அமிலத்தன்மை, இரும்பு, கந்தக அமிலம் நீரில் விட்டுச்செல்லும் சல்பேட் எல்லாம் எழுதி, முத்திரையிட்ட நகலை வீட்டாரின் கையிலேயே கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் எந்தச் சுரங்கத்துக்கும் அனுமதி கூடாது.

ஓடைகளைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். தலைவர் மணியைப் பார்க்கிறார். இந்தக் கோரிக்கையை எழுதிய மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில், உங்கள் கிணற்றில் இன்று எத்தனை முழத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.