வியர்வையா, சில்க் பிரஸ்ஸா? அட்லாண்டா ஜிம்மில் தினமும் நான் பார்ப்பது

எல்லாருக்கும் வணக்கம். வகுப்பு இப்போதுதான் முடிந்தது, பின்னால் ஃபேன் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அட்லாண்டாவில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது உங்களில் பலருக்குத் தெரியும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பினப் பெண்கள். அவர்களுடைய தலைமுடியைப் பற்றி ஒரு வீடியோ போட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் "முடிக்காகவா ஜிம்முக்கு மட்டம் போடுவார்கள்?" என்று நம்மவர்களே சர்வசாதாரணமாகக் கேட்கிறார்கள். ஆமாம், முடிக்காகத்தான். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

நமக்கு வியர்த்தால் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு மற்ற வேலையைப் பார்ப்போம். அவர்களுடைய முடி அப்படிப்பட்டதில்லை. நெருக்கமாகச் சுருண்டு வளரும் முடியில், தலையில் சுரக்கிற எண்ணெய் வேரிலிருந்து நுனிவரை இறங்காது, ஒவ்வொரு வளைவிலும் தடைபட்டு நின்றுவிடும். அதனால் முடி எப்போதும் வறண்டே இருக்கும், வளைகிற இடத்தில் சட்டென்று உடையும். தினமும் ஷாம்பூ போட்டால் இருக்கிற கொஞ்சம் பசையும் போய்விடும். வாரத்துக்கு ஒரு தடவை, சிலர் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அலசுவதுதான் வழக்கம். அந்த அலசலும் சின்ன வேலை கிடையாது. முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சிக்கெடுத்து, அலசி, கண்டிஷனர் போட்டு, காயவைத்து, பிறகு பின்னவோ நேராக்கவோ வேண்டும். பாதி நாள் போய்விடும். 'வாஷ் டே' என்று அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குகிறார்கள்.

சில்க் பிரஸ் என்று ஒன்று உண்டு. முடியை அலசி, காயவைத்து, சூடான தகட்டால் மெல்லிய கற்றை கற்றையாக இழுத்து நேராக்குவார்கள். 100 டாலர் சாதாரணமாகப் போய்விடும். ஆனால் சூட்டால் வந்த அந்த நேர்த்தி தண்ணீர் படும்வரைதான். முடியின் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகளைச் சூடு மாற்றி அடுக்குகிறது, ஈரம் பட்டதும் அவை பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வியர்வையும் தண்ணீர்தானே. பிடரியும் நெற்றியோரமும்தான் முதலில் வியர்க்கும், அங்கேதான் முடி முதலில் சுருண்டு எழும்பும். ரிலாக்ஸர், அதாவது முடியை நிரந்தரமாக நேராக்குகிற ரசாயனம், போட்டவர்களுக்கு வேறு தொல்லை. ரசாயனத்தால் நேரானது நேராகவே இருக்கும், ஆனால் மாதம் ஒரு சென்டிமீட்டர் போல வேரில் புதுமுடி சுருளாகவே வருகிறது, வியர்த்தால் அது மட்டும் உப்பிக்கொள்ளும். பழசும் புதுசும் சேருகிற அந்த இடத்தில்தான் முடி அதிகமாக உடையும்.

புதன்கிழமை சலூனில் உட்கார்ந்து செய்துகொண்டு, சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போக வேண்டிய ஒரு பெண் வியாழக்கிழமை என்னிடம் வந்து வியர்த்துக் கொட்டுகிற பர்பீ பயிற்சி செய்வாளா? அவள் இடத்தில் இருந்தால் நானும் வர மாட்டேன். 'இயற்கையாகவே விட்டுவிடலாமே' என்று சொல்வது சுலபம். ஆனால் சுருள் முடியோடு அலுவலகம் போனால் 'ஒழுங்காக இல்லை' என்று பேர் வாங்குகிற நாடு இது. தலைமுடியை வைத்து வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று கிரவுன் சட்டம் வந்ததே 2019-இல்தான், அதுவும் முதலில் கலிஃபோர்னியாவில் மட்டும்.

2011-இல் அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது பொதுச் சுகாதாரத்துக்கான தலைமை மருத்துவராக இருந்த ரெஜினா பெஞ்சமின், அவரும் கறுப்பினப் பெண்தான், இதே அட்லாண்டாவில் நடந்த பிரானர் பிரதர்ஸ் சிகை அலங்காரக் கண்காட்சிக்கு வந்து பேசினார். முடி கலைந்துவிடும் என்று பெண்கள் உடற்பயிற்சியைத் தவிர்க்கிறார்கள், இதற்கு நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும் என்று சிகை அலங்காரக் கலைஞர்களிடம் கேட்டார். இதெல்லாம் ஒரு சர்ஜன் ஜெனரல் பேசுகிற விஷயமா என்று அப்போது விமர்சித்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அவர் போனது மிகச் சரியான இடம், ஏனென்றால் மருத்துவர் சொல்லிக் கேட்காதவர்கள்கூட முடி பின்னிவிடுகிறவர் சொன்னால் கேட்பார்கள். அடுத்த ஆண்டே வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 103 பெண்களிடம் கேட்டதில் சுமார் 38 சதவீதம் பேர் முடிக்காகச் சில சமயம் உடற்பயிற்சியைத் தவிர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதே 2012-இல், லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை கேபி டக்ளஸ் ஜிம்னாஸ்டிக்ஸில் எல்லாப் பிரிவும் சேர்ந்த ஆல்-ரவுண்ட் தனிநபர் தங்கம் வென்றார், அப்போது அவருக்கு வயது 16. அந்தப் பதக்கத்தை வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அந்த நேரத்தில் ட்விட்டரில் ஒரு கூட்டம் அவருடைய முடி சரியாக வாரவில்லை என்று பேசிக்கொண்டிருந்தது. இன்றும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? இதோ, இந்தத் துணியைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். சாட்டின். பருத்தித் துணி வேண்டாம், அது முடியில் இருக்கிற ஈரப்பதத்தை உறிஞ்சும், உரசியும் கெடுக்கும். நேராக்கிய முடி என்றால் தலையைச் சுற்றி ஒரே பக்கமாகப் படியவைத்துச் சீவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உச்சியில் தளர்வான கொண்டை, இறுக்கமான ரப்பர் பேண்ட் மட்டும் கூடாது, அது போட்ட இடத்தில் தடம் விழுந்துவிடும். அப்புறம் துணியை நெற்றியோர முடி முழுக்க அடங்குகிற மாதிரி, எட்ஜஸ் என்பார்களே அது, அழுத்தி வைத்துப் பின்னால் கொண்டுபோய் முடியுங்கள். மேலே வியர்வைப் பட்டை போட்டுக்கொள்ளலாம். முக்கியமான விஷயம் பயிற்சி முடிந்த பிறகுதான் வருகிறது: உடனே அவிழ்க்காதீர்கள். ஈரத்தோடு அவிழ்த்தால் முடி எழும்பி நிற்கும், கட்டுக்குள்ளேயே காய்ந்தால் படிந்தபடியே இருக்கும். அவசரம் என்றால் துணிக்கு மேலேயே டிரையரில் குளிர்ந்த காற்றைக் காட்டுங்கள்.

அடிக்கடி ஜிம்முக்கு வருகிறவர்களுக்குப் பின்னல்தான் வசதி. கட்டம் கட்டமாகப் பிரித்துப் பின்னுகிற பாக்ஸ் பிரெய்ட், தலையோடு ஒட்டி வரிசையாகப் பின்னுகிற கார்ன்ரோ, இரண்டு கற்றையை முறுக்குகிற ட்விஸ்ட், எதுவானாலும் சரி. பாக்ஸ் பிரெய்டுக்கு ஒரு நாளில் பாதி உட்கார வேண்டும், ஆனால் ஆறு முதல் எட்டு வாரம் தாங்கும். பின்னல் போட்டாயிற்று, இனி அலச வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. வியர்வை உப்பு தலையில் தங்கி அரிக்கும். இதோ, இந்த மாதிரி கூர்முனை உள்ள பாட்டிலில் தண்ணீர் கலந்த ஷாம்பூவை ஊற்றி, வகிடு வகிடாக விட்டு, விரல்நுனியால் அழுத்தி அலசுங்கள். பிறகு பின்னலின் உள்வரை காய வேண்டும், அரைகுறையாக விட்டால் நாற்றம் வந்துவிடும்.

குதிக்கிற பயிற்சியில் கனமான பின்னல்களை உச்சியில் தூக்கிக் கட்டாதீர்கள். ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் அந்த எடை முழுவதும் நெற்றியோர வேர்களை இழுக்கும். பின்னல் போட்ட இடத்தில் வலியோ சின்னச் சின்னக் கொப்புளமோ இருந்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம், அவிழ்த்துத் தளர்வாகப் போடச் சொல்லுங்கள். டிராக்‌ஷன் அலோபீசியா என்கிற, இப்படி வேர் இழுபடுவதால் வருகிற முடி உதிர்வை ஆரம்பத்திலேயே கவனித்தால் முடி திரும்ப வளரும். வேரில் தழும்பு விழுந்த பிறகு வளராது.

பின்னலும் அடர்ந்த சுருள் முடியும் அடங்க வேண்டுமென்றால் நீச்சலுக்குப் பெரிய தொப்பி வேண்டும். இதைச் செய்கிற சோல் கேப் என்ற பிரிட்டன் நிறுவனத்தின் தொப்பியை டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் 2021-இல் சர்வதேச நீச்சல் சம்மேளனம் நிராகரித்தது, எதிர்ப்பு கிளம்பி, 2022-இல் அனுமதித்தது.

இதைப் பார்க்கிற பயிற்சியாளர்கள் யாராவது இருந்தால் உங்களுக்கும் ஒன்று. உங்களிடம் வருகிறவர்களின் வாஷ் டே எது என்று கேளுங்கள். நிறைய வியர்க்கிற பயிற்சியை அந்த நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ வையுங்கள், எப்படியும் அலசத்தானே போகிறார்கள். சலூனுக்குப் போய்வந்த முதல் இரண்டு நாள் எடைப் பயிற்சி, இடையில் நல்ல ஓய்வு, ஃபேனுக்கு எதிரே இடம். நான் இப்படி மாற்றிய பிறகு வியாழக்கிழமை வகுப்பு காலியாக இருப்பதில்லை.