குறுந்தகட்டின் மென்மையான பக்கம் எது?

நேயர்களுக்கு வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ வீடுகளில் திருமணப் பதிவும், பள்ளி ஆண்டு விழாவும், மறைந்த பெரியவர்களின் குரலும் இன்னும் சிடியிலும் டிவிடியிலும்தான் இருக்கின்றன. வேறு படி இல்லாத அந்தத் தகடுகளை வீட்டிலேயே துடைத்துப் பாதுகாப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பளபளக்கும் அடிப்பக்கத்தில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளும் நாம், பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. சிடியைப் பொறுத்தவரை மேல்பக்கமே மென்மையானது. 1.2 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை லேசர் ஒளி அடியிலிருந்து ஊடுருவிச் சென்று, மேல்பக்கத்தை ஒட்டியிருக்கும் அலுமினியப் படலத்தில் பட்டுத் திரும்புகிறது. அந்தப் படலத்துக்குக் காவலாக இருப்பது மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே. ஆகவே அடியில் விழுந்த சிறு கீறலைத் தாண்டியும் தகடு ஓடக்கூடும். மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலோ, ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ, படலமே பெயர்ந்து பதிவு போய்விடும். டிவிடியில் பதிவு 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு; அதை வளைக்காமல் எடுப்பதே முக்கியம். பெட்டியின் நடுக்குமிழை ஒரு விரலால் அழுத்தி, தகட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

துடைக்கும் திசையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தட்டைத் துலக்குவது போல வட்டமாகத் துடைக்கவே கூடாது. பதிவு உள்ளிருந்து வெளியே சுருளாகச் செல்கிறது. வட்டமாக விழும் கீறல் அந்தச் சுருளோடு நெடுந்தூரம் கூடவே ஓடுவதால், விட்டுப்போன தகவலைக் கணக்கிட்டு நிரப்பும் பிழைதிருத்த முறை திணறிவிடுகிறது. நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைத்தால், கீறல் விழுந்தாலும் அது ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே ஒரு நொடிப்பொழுதுதான் வெட்டும்.

முதலில் தூசியை, அழுத்தினால் காற்றை ஊதும் ரப்பர் ஊதுபந்தால் போக்கிவிட்டு, துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தித் துணியைப் பயன்படுத்துங்கள். விரல்ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகவில்லையானால், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை நீரில் கலந்து துடைத்து, குடிநீரால் அலசுங்கள். கடலோரத் தெருக்களின் ஆழ்குழாய் நீர் உப்பாக இருந்தால், அது காய்ந்ததும் வெண்படலம் விட்டுப்போகும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி ஆகியவை பிளாஸ்டிக்கைப் பாழாக்கிவிடும். பற்பசை தேய்த்தால் கீறல் மறையும் என்பார்கள். பற்பசை தகட்டைத் தேய்த்தெடுக்கும் பொருள் என்பதால், வேறு வழியே இல்லாத தகட்டுக்கன்றி அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் கண்ட ஊர் நம்முடையது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சேற்றில் நனைந்த தகட்டைத் துணியால் துடைக்காதீர்கள். வண்டலில் உள்ள மணல் தகடு முழுவதையும் கீறிவிடும். பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளட்டைக் காகிதம் ஒட்டியிருந்தால் இழுக்காமல் நீரில் ஊறவைத்துப் பிரித்து, சேறு காய்வதற்குள் நல்ல நீரில் அமிழ்த்தி அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள்.

வீட்டில் பதிவு செய்யும் தகடுகளில் சாயப் படலம் இருப்பதால் வெயில் அவற்றுக்குப் பகை. சன்னலோரத்திலும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும் வைக்காமல், பெட்டிக்குள் இட்டு, ஈரக்காற்று படாத அலமாரியில் செங்குத்தாக அடுக்குங்கள். துடைத்த தகடு ஓடியதும், படம் பார்த்து முடித்து எடுத்துவைத்துவிடாமல், அன்றைக்கே கணினியில் ஒரு படியும் வெளி வன்தட்டில் இன்னொரு படியும் எடுத்துவிடுங்கள். ஒரு கருவியில் திக்கித் திக்கி ஓடும் தகடு வேறொரு கருவியில் ஓடக்கூடும். ஆகவே அதைத் தூக்கி எறியும் முன் அக்கம்பக்கத்தில் ஒரு பழைய பிளேயரைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.